பிரவுன் தீர்ப்பின் நினைவுநாளை ஊரில் நடத்துவது எப்படி: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

அமெரிக்கப் பொதுப்பள்ளிகளில் குழந்தைகளை நிறம் பார்த்துப் பிரித்து வைப்பது அந்நாட்டு அரசமைப்புச் சட்டத்துக்கு முரணானது என்று உச்ச நீதிமன்றம் 1954ஆம் ஆண்டு மே 17 அன்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. ‘பிரவுன் எதிர் டொபீகா கல்வி வாரியம்’ என்னும் அந்த வழக்கை நினைவுகூரும் பொதுநிகழ்ச்சிகள் மே மாதந்தோறும் அங்குள்ள நூலகங்களிலும் பள்ளிகளிலும் தேவாலயங்களிலும் நடைபெறுகின்றன. 2029 மே 17, வியாழக்கிழமை, தீர்ப்பு வெளிவந்து 75 ஆண்டுகள் நிறைகின்றன. பெற்றோர்-ஆசிரியர் சங்கத்திலோ நூலகக் குழுவிலோ வார இறுதித் தமிழ்ப்பள்ளி நிர்வாகத்திலோ பொறுப்பில் இருக்கும் தமிழர் ஒருவருக்கு ஏற்பாட்டுக் குழுவில் சேருமாறு அழைப்பு வந்தால், எங்கிருந்து தொடங்குவது, எதை யாரிடம் கேட்பது, எதைத் தவிர்ப்பது என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

மண்டபம் பிடிப்பதும் பேச்சாளரை அழைப்பதும்தான் முதல் வேலை என்று பெரும்பாலோர் எண்ணுவர். என் கருத்தில் முதல் வேலை, உங்கள் ஊர்ப் பள்ளிகளில் இனப் பிரிவினை எப்போது, எப்படி, யாருடைய இழப்பின் பேரில் முடிந்தது என்பதைக் கண்டறிவதாகும். தேதி, இடம், மேடையில் அமர்பவர்கள், வாசிக்கப்படும் பெயர்கள் என்று மற்ற எல்லாமே அந்த விடையைப் பொறுத்துத்தான் அமைய வேண்டும்.

தீர்ப்பைப் படித்துவிட்டுக் கூட்டத்துக்கு வாருங்கள்

குழுவின் முதல் கூட்டத்துக்கு முன் ஒவ்வோர் உறுப்பினரும் தீர்ப்பின் மூலத்தை முழுமையாக வாசித்திருக்க வேண்டும். சட்டம் படிக்காதவரும் வாசிக்கத்தக்க அளவில் சுருக்கமாகவும், உணர்ச்சி வேகமின்றியும், யார்மீதும் குற்றஞ்சாட்டும் தொனியின்றியும் அது அமைய வேண்டும் என்று தலைமை நீதிபதி ஏர்ல் வாரன் திட்டமிட்டே எழுதினார். அடிக்குறிப்புகளை விட்டுவிட்டால் உரக்க வாசிக்க ஏறத்தாழக் கால்மணி நேரம்தான் ஆகும். ‘தனித்தனியாக இருப்பினும் சமமாக இருந்தால் போதும்’ என்று 1896ஆம் ஆண்டின் பிளெஸ்ஸி எதிர் ஃபெர்கூசன் வழக்கு ஏற்றுக்கொண்ட கொள்கைக்குப் பொதுக்கல்வியில் இடமில்லை என்றும், பிரித்து நடத்தப்படும் கல்வி நிலையங்கள் இயல்பிலேயே சமமற்றவை என்றும் கூறும் இறுதிப் பகுதியே நிகழ்ச்சிகளில் பெரிதும் மேற்கோள் காட்டப்படுகிறது. அதற்கு முன்னால் வரும், ஒரு குடிமகனின் வாழ்வில் பொதுக்கல்வி வகிக்கும் இடத்தைப் பற்றிய பத்தியும் பொதுமக்கள் முன்னிலையில் வாசிக்கத் தகுந்ததே.

‘பிரவுன்’ என்பது ஒரே வழக்கின் பெயர் அன்று. கான்சஸ் மாநிலத்தின் டொபீகா, தென் கரோலினாவின் கிளாரண்டன் கவுண்டி, வர்ஜீனியாவின் பிரின்ஸ் எட்வர்ட் கவுண்டி, டெலவேர் மாநிலம், தலைநகர் வாஷிங்டன் ஆகிய ஐந்து இடங்களிலிருந்து வந்த வழக்குகளை நீதிமன்றம் சேர்த்து விசாரித்தது. தலைநகர் ஒரு மாநிலம் அல்லாததால், மாநிலங்களைக் கட்டுப்படுத்தும் அரசமைப்புச் சட்டத்தின் 14ஆம் திருத்தம் அதற்குப் பொருந்தவில்லை. ஆகவே நடுவண் அரசைக் கட்டுப்படுத்தும் 5ஆம் திருத்தத்தின் அடிப்படையில் ‘போலிங் எதிர் ஷார்ப்’ என்ற தனித் தீர்ப்பு அதே நாளில் வெளிவந்தது. வழக்குகளை நடத்திய, கறுப்பின மக்களின் உரிமைகளுக்காகப் பாடுபடும் என்.ஏ.ஏ.சி.பி. அமைப்பின் சட்டப் பாதுகாப்பு நிதியத்துக்குத் தலைமை வகித்தவர் தர்குட் மார்ஷல். 1967-இல் உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதியானவரும் அவரே. ஐந்து ஊர்களின் பெயரையும் சொல்லாத நினைவுநாள் குறையுள்ளது என்பதே என் எண்ணம். ஏனெனில் மிகப் பெரிய துன்பத்தை ஏற்றவர்கள் டொபீகாவில் அல்லாமல் மற்ற ஊர்களில்தான் இருந்தார்கள்.

தீர்ப்பைப் பற்றி மேடைகளில் எளிதில் நுழைந்துவிடும் பிழைகள் இரண்டு உண்டு. முதலாவது, டொபீகாவில் வழக்குத் தொடுத்தவரின் மகளான சிறுமி லிண்டா பிரவுன் படித்த மன்ரோ தொடக்கப்பள்ளி இடிந்து விழும் நிலையில் இருந்தது என்பது. உண்மையில் டொபீகாவின் கறுப்பினப் பள்ளிகளும் வெள்ளையர் பள்ளிகளும் கட்டடத்திலும் ஆசிரியர் தகுதியிலும் ஏறக்குறைய ஒத்திருந்தன என்று கீழ் நீதிமன்றமே பதிவு செய்தது. அருகிலிருந்த சம்னர் பள்ளியில் நிறத்தின் காரணமாகச் சேர்க்க மறுத்ததுதான் அங்கே வழக்கு. வசதிகளில் வேறுபாடு இல்லாதபோதும் பிரித்து வைப்பதே அநீதியா என்ற கேள்வியை நீதிமன்றம் நேருக்கு நேர் சந்திக்க வேண்டியிருந்தது இதனால்தான். ஆகவே பாழடைந்த வகுப்பறைப் படத்தை மன்ரோ பள்ளியின் பெயரோடு சேர்த்துத் திரையில் காட்டுபவர் வழக்கின் உயிர்நாடியையே அறியாமல் மறைத்துவிடுகிறார். இரண்டாவது பிழை, தீர்ப்பு வந்ததும் பள்ளிக் கதவுகள் திறந்துவிட்டன என்பது. எப்படி நிறைவேற்றுவது என்பதைப் பற்றி 1955 மே 31 அன்று வந்த இரண்டாம் தீர்ப்பு, காலக்கெடு எதுவும் குறிக்காமல், நிதானத்தோடு கூடிய விரைவில் செய்க என்ற அளவில் நின்றுவிட்டது. அந்த இடைவெளியில்தான் பல ஊர்கள் பத்துப் பதினைந்து ஆண்டுகளை ஓட்டின.

உங்கள் ஊரின் தேதி எது?

1954-இல் 17 மாநிலங்களும் தலைநகரும் பள்ளிப் பிரிவினையைச் சட்டப்படி கட்டாயமாக்கியிருந்தன. கான்சஸ் உள்ளிட்ட நான்கு மாநிலங்கள் உள்ளூர் விருப்பத்துக்கு விட்டிருந்தன. உங்கள் மாநிலம் இவற்றுள் எதில் சேர்ந்தது என்பதிலிருந்து தேடலைத் தொடங்குங்கள். இரண்டிலும் சேராத வட மாநிலமாக இருந்தால், அங்கே பிரிவினை இல்லை என்று முடிவு கட்டிவிட வேண்டாம். குடியிருப்புப் பகுதிகளும் பள்ளி எல்லைக்கோடுகளும் சட்டத்தின் வேலையைச் சத்தமின்றிச் செய்த ஊர்கள் அங்கு ஏராளம்.

தெற்கில் எதிர்ப்பு வெளிப்படையாகவே இருந்தது. 1956-இல் நாடாளுமன்ற உறுப்பினர்கள் 101 பேர் தீர்ப்பை எதிர்த்து ஓர் அறிக்கையில் கையெழுத்திட்டார்கள். 1957-இல் ஆர்கன்சாவின் லிட்டில் ராக் நகரில் ஒன்பது மாணவர்கள் மத்திய உயர்நிலைப்பள்ளிக்குள் நுழையக் குடியரசுத் தலைவர் ஐசனோவர் இராணுவத்தை அனுப்ப நேர்ந்தது. பிரின்ஸ் எட்வர்ட் கவுண்டியோ கறுப்பினக் குழந்தைகளைச் சேர்ப்பதைவிடப் பொதுப்பள்ளிகளையே மூடிவிடலாம் என்று முடிவெடுத்து, 1959 முதல் 1964 வரை அவற்றைப் பூட்டி வைத்தது. வேறு பல பள்ளி மாவட்டங்கள் (பொதுப்பள்ளிகளை நடத்தும் உள்ளூர் நிர்வாகப் பகுதிகள்) ‘விரும்பிய பள்ளியைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம்’ என்ற பெயரளவு ஏற்பாட்டில் காலம் தள்ளின. 1968-இல் நியூ கென்ட் கவுண்டி வழக்கில் உச்ச நீதிமன்றம் அது போதாது என்று கூறிய பிறகே, 1970ஐ ஒட்டிய ஆண்டுகளில் இரு இனக் குழந்தைகளும் ஒரே பள்ளியில் படிக்கும் உண்மையான கலப்பு நடந்தது. 1974-இல் டெட்ராய்ட் நகரைப் பற்றிய மில்லிகன் தீர்ப்பு, புறநகர் மாவட்டங்களையும் இணைத்துத் திட்டம் தீட்டும் வழியைப் பெரும்பாலும் அடைத்துவிட்டது. எனவே உங்கள் ஊர் மக்கள் தம் வாழ்வில் உணர்ந்த தேதி 1955ஆகவும் இருக்கலாம், 1970ஆகவும் இருக்கலாம். நீதிமன்ற ஆணையின் கீழ் இன்றும் இருக்கும் மாவட்டங்களும் உண்டு.

தேடுவதற்கு நான்கு இடங்கள் போதும். பள்ளி வாரியத்தின் பழைய கூட்டக் குறிப்புகள் பொது ஆவணங்கள். மாவட்ட அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டால் காட்டுவார்கள், 1954 ஜூன் முதல் 1972 வரையிலான தொகுதிகளைக் குறிப்பிட்டுக் கேளுங்கள். பொது நூலகத்தின் உள்ளூர் வரலாற்றுப் பிரிவில் அன்றைய நாளிதழ்கள் நுண்படச் சுருள்களில் இருக்கும். அவை பெரும்பாலும் வெள்ளையர் பார்வையில் எழுதப்பட்டவை என்பதால், சிகாகோ டிஃபெண்டர், பிட்ஸ்பர்க் கூரியர், பால்டிமோர் ஆஃப்ரோ-அமெரிக்கன் போன்ற கறுப்பின இதழ்களையும் உடன் பார்க்க வேண்டும். உங்கள் மாவட்டத்தின் மீது வழக்கு நடந்திருந்தால் அதன் கோப்பு தேசிய ஆவணக் காப்பகத்தின் வட்டாரக் கிளையில் இருக்க வாய்ப்புண்டு. நான்காவது இடம் கறுப்பின மக்களின் தேவாலயங்களும் பழைய பள்ளியின் முன்னாள் மாணவர் சங்கமும். கடைசியாகச் சொன்னாலும் முதலில் செல்ல வேண்டிய இடம் இதுவே. ஆண்டு மலர்களும் பட்டமளிப்பு நிகழ்ச்சி அட்டைகளும் புகைப்படங்களும் அங்கே அலமாரிகளில் கிடக்கும்.

தேடும்போது கேட்க வேண்டிய கேள்விகளில் பலர் விட்டுவிடுவது ஒன்று உண்டு: கறுப்பினப் பள்ளி என்ன ஆயிற்று? கலப்பு நடந்தபோது பெரும்பாலான ஊர்களில் கறுப்பின உயர்நிலைப்பள்ளிதான் மூடப்பட்டது அல்லது நடுநிலைப்பள்ளியாகத் தரம் இறக்கப்பட்டது. அதன் பெயரும் நிறங்களும் விளையாட்டுக் கோப்பைகளும் காணாமற்போயின. தலைமையாசிரியர் துணைத் தலைமையாசிரியரானார். தெற்கிலும், தெற்குக்கும் வடக்குக்கும் இடையிலுள்ள எல்லை மாநிலங்களிலும் பல்லாயிரம் கறுப்பின ஆசிரியர்கள் வேலை இழந்தார்கள். டொபீகாவிலேயே, வழக்கில் பிரிவினை தோற்றால் வெள்ளையர் பெற்றோர் கறுப்பின ஆசிரியர்களை ஏற்க மாட்டார்கள் என்ற காரணத்தைக் காட்டி, அடுத்த ஆண்டு ஒப்பந்தம் கிடைக்காமற்போகலாம் என்று கல்வி அதிகாரி 1953-இலேயே ஆசிரியைகளுக்குக் கடிதம் எழுதினார். இந்தப் பகுதியைச் சொல்லாமல் கொண்டாட்டம் மட்டும் நடத்தினால், அரங்கின் பின்வரிசையில் அமர்ந்திருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை அடுத்த ஆண்டு வரமாட்டார்.

குழுவில் யார் இருக்க வேண்டும்

முன்னாள் கறுப்பினப் பள்ளியின் பழைய மாணவர்கள், கறுப்பினத் தேவாலயம் ஒன்றின் போதகர் அல்லது மூத்த உறுப்பினர், என்.ஏ.ஏ.சி.பி. உள்ளூர்க் கிளை, பொது நூலகர், வரலாற்றுச் சங்கத்தினர், பள்ளி மாவட்டத்தின் அதிகாரி ஒருவர், ஒரு வரலாற்று ஆசிரியர் ஆகியோர் இருந்தால் எட்டுப் பத்துப் பேரில் குழு நிறைவடையும். இவர்களுள் முதல் மூன்று தரப்பினரையும் முடிவுகள் எடுக்கப்பட்ட பிறகு ‘ஆதரவு’ கேட்டு அணுகுவது தவறு. எதையும் முடிவு செய்யும் முன் அவர்களிடம் செல்லுங்கள். அவர்கள் ஏற்கனவே ஆண்டுதோறும் ஒரு நிகழ்ச்சி நடத்தி வருகிறார்கள் என்றால், புதிதாகத் தொடங்காமல் அதற்கு நாற்காலி போடுவதும் துண்டறிக்கை அச்சிடுவதும் உங்கள் பங்காக இருக்கட்டும்.

இது நம் கதை இல்லையே என்று தயங்கும் தமிழர்களுக்கு இரண்டு செய்திகள். மிசிசிப்பியின் ரோஸ்டேல் ஊரில் சீன வம்சாவளிச் சிறுமி மார்த்தா லம் வெள்ளையர் பள்ளியிலிருந்து வெளியேற்றப்பட்டபோது, அவளைக் கறுப்பினப் பள்ளிக்கு அனுப்புவது சரியே என்று 1927-இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது. ஆக, பிரவுன் வழக்கு முறித்த தளைகளுள் ஆசியக் குழந்தைகளைக் கட்டிய தளையும் ஒன்று. நாட்டுவாரி ஒதுக்கீட்டை நீக்கி இந்தியர்கள் பெருமளவில் வர வழி திறந்த 1965ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டம், கறுப்பின மக்களின் அதே சம உரிமைப் போராட்டக் காலத்தின் விளைச்சல். இவ்விரண்டையும் அறிந்துகொண்டு குழுவில் அமருங்கள். ஆனால் மேடையில் இவற்றுக்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் ஒதுக்க வேண்டாம்.

கண்ணால் கண்டவர்களை அணுகுதல்

1954-இல் முதல் வகுப்பில் இருந்த ஆறு வயதுக் குழந்தைக்கு 2029-இல் 81 வயது ஆகியிருக்கும். ஆகவே நேர்காணல்களை நிகழ்ச்சி நாளுக்கென்று ஒத்திப்போடாமல், குழு அமைந்த முதல் மாதமே தொடங்க வேண்டும். உங்கள் ஊரில் கலப்பு 1970-இல்தான் நடந்தது என்றால், முதன்முதலாகப் புதிய பள்ளிக்குச் சென்ற மாணவர்கள் இன்னும் எழுபதுகளிலும் அறுபதுகளிலும் இருப்பார்கள். அவர்களுடன் படித்த வெள்ளை மாணவர்களும், பேருந்து ஓட்டியவர்களும், சத்துணவுக் கூடத்தில் வேலை செய்தவர்களும் சொல்லக்கூடியவை நிறைய இருக்கும்.

முதல் சந்திப்பில் ஒலிப்பதிவுக் கருவியை வெளியே எடுக்க வேண்டாம். அவர் அறிந்த ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். எதற்காகக் கேட்கிறோம், பதிவு எங்கே வைக்கப்படும், இணையத்தில் வருமா, எந்தப் பகுதியை நீக்கச் சொல்லும் உரிமை அவருக்கு உண்டு என்பவற்றை எழுதிய ஒப்புதல் படிவத்தைக் கொடுத்து, படித்துப் பார்க்க ஒரு வாரம் அவகாசம் தாருங்கள். கேள்விகள் திறந்தவையாக இருக்கட்டும்: காலையில் பள்ளிக்கு எப்படிச் சென்றீர்கள், அந்தப் பள்ளியில் உங்களுக்குப் பிடித்த ஆசிரியர் யார், புதிய பள்ளியின் முதல் நாள் மதிய உணவை யாருடன் உண்டீர்கள். ‘அவமானமாக இருந்ததா’ என்று கேட்டால் ஆம் என்ற ஒரே சொல்லோடு உரையாடல் நின்றுவிடும். சிலர் பேச மறுப்பார்கள். மறுபடி கேட்காதீர்கள்.

மறுப்புக்குக் காரணம் இருக்கிறது. கிளாரண்டன் கவுண்டியில் கறுப்பினக் குழந்தைகளுக்குப் பேருந்து கேட்டு 1948-இல் முதல் வழக்கைத் தொடுத்தவர் லீவை பியர்சன் என்ற விவசாயி. அதைத் தொடர்ந்து வந்த பெரிய வழக்குக்குப் பெயர் கொடுத்த ஹாரி பிரிக்ஸ் பெட்ரோல் நிலைய வேலையையும், அவர் மனைவி எலைசா தங்கும் விடுதி வேலையையும் இழந்தார்கள். மக்களை ஒன்றுதிரட்டிய போதகர் ஜோசஃப் டிலெய்னின் தேவாலயம் 1955-இல் எரிக்கப்பட்டது, அவர் மாநிலத்தைவிட்டே தப்பி ஓட நேர்ந்தது. அவர்மீது அப்போது போடப்பட்ட வழக்கு 2000ஆம் ஆண்டில்தான், அவர் மறைந்து பல ஆண்டுகளுக்குப் பிறகு, நீக்கப்பட்டது. இவ்வளவு பெரிய கதை இல்லாத ஊரிலும் மனுவில் கையெழுத்திட்டதற்காகக் கடைக்காரர் கடன் மறுத்த குடும்பம் ஒன்று இருக்கலாம், மறுத்த கடைக்காரரின் பேரனும் அதே ஊரில் இருக்கலாம். பெயர்களைப் பொதுவில் சொல்லும் முன் இரு தரப்புக் குடும்பங்களுக்கும் தெரிவித்துவிடுவது நல்லது. உண்மையை மாற்றுவதற்காக அன்று, யாரும் அரங்கில் திடீரென்று அதைக் கேட்டு அதிர்ச்சி அடையாமல் இருப்பதற்காக.

நாள், இடம், அனுமதி, பணம்

மே 17 வசதியான நாள் அன்று. மே முதல் இரு வாரங்களில் உயர்நிலைப்பள்ளி மாணவர்களுக்குக் கல்லூரி நிலைப் பாடங்களுக்கான ஏ.பி. தேர்வுகள், அதன்பின் பட்டமளிப்பு விழாக்கள், தெற்கில் பல மாவட்டங்களில் மாத இறுதிக்குள் பள்ளியே முடிந்துவிடும். மாணவர்கள் பங்கேற்க வேண்டுமானால் அன்று மாலை 6 மணிக்கு மேல் அல்லது அதற்கு முந்தைய சனிக்கிழமை முற்பகல் ஏற்றது. ஞாயிறு காலை வழிபாட்டு நேரம் என்பதை மறக்க வேண்டாம். உங்கள் ஊருக்கென்று ஒரு தேதி கிடைத்திருந்தால் அதையே எடுத்துக்கொள்ளலாம் என்பேன். வர்ஜீனியாவில் ஏப்ரல் 23 ‘பார்பரா ஜான்ஸ் நாள்’ எனக் கடைப்பிடிக்கப்படுகிறது. ஃபார்ம்வில் ஊரின் மோட்டன் உயர்நிலைப்பள்ளி 180 மாணவர்களுக்காகக் கட்டப்பட்டு, 450க்கும் மேற்பட்டோரை ஏற்று, இடம் போதாதவர்களைத் தார்த்தாள் ஒட்டிய கொட்டகைகளில் அடைத்து வைத்திருந்தது. 1951-இல் அந்த நாளில் 16 வயது மாணவி பார்பரா ஜான்ஸ் தலைமையில் பள்ளி முழுவதும் வேலைநிறுத்தம் செய்து வெளியேறியது. ஐந்து வழக்குகளுள் மாணவர்களே தொடங்கியது அது ஒன்றுதான்.

இடத்துக்கு முன்னாள் கறுப்பினப் பள்ளிக் கட்டடம் இருந்தால் அதைவிடப் பொருத்தமானது வேறில்லை. மன்ரோ பள்ளி தேசியப் பூங்காத் துறையின் நினைவிடமாகி 2004 மே 17 அன்று திறக்கப்பட்டது. மோட்டன் பள்ளியும் அருங்காட்சியகமாகிவிட்டது. அப்படிப்பட்ட கட்டடம் இல்லையேல் நூலக அரங்கு. பள்ளி வளாகத்தைக் கேட்பதானால் பயன்பாட்டு விண்ணப்பத்தோடு காப்பீட்டுச் சான்றும் கேட்பார்கள். 2021 முதல் சில மாநிலங்கள் இனம் குறித்த பாடங்களுக்குக் கட்டுப்பாடு விதிக்கும் சட்டங்களை இயற்றியிருப்பதால், பள்ளியின் பெயரில் நடத்துவதா, வெளி அமைப்பின் பெயரில் நடத்துவதா என்பதையும் மாவட்ட அலுவலகத்தோடு முன்கூட்டியே பேசி முடிவு செய்யுங்கள். ஊர்வலம் உண்டென்றால் நகராட்சி அனுமதியும் காவல்துறை உதவியும் தேவை. வருவோரில் முதியவர்கள் மிகுதி என்பதால் சக்கர நாற்காலி ஏறும் சரிவுப்பாதை, கைப்பிடி உள்ள நாற்காலிகள், நல்ல ஒலிபெருக்கி, திரையில் எழுத்துவடிவம், வீட்டிலிருந்து அழைத்து வர வாகனம் ஆகியவற்றுக்குப் பூ அலங்காரத்துக்கு முன் பணம் ஒதுக்குங்கள்.

நகரமன்றமோ பள்ளி வாரியமோ வெளியிடும் பிரகடனத்துக்கு வரைவை நீங்களே எழுதித் தர வேண்டியிருக்கும். கூட்ட நிரலில் இடம்பெற மார்ச் மாதமே கொடுத்துவிடுங்கள். ‘ஒரு மகத்தான தீர்ப்பு’ என்ற பொதுச் சொற்களோடு நிறுத்தாமல், உங்கள் மாவட்டம் எந்த ஆண்டு வரை பிரிவினையைத் தொடர்ந்தது என்ற ஒரு வரியையும் சேருங்கள். அந்த ஒரு வரிக்காகத்தான் வாரியத்தில் விவாதமே நடக்கும், நடக்கட்டும். செலவுக்கு நூலக நண்பர்கள் சங்கம், கலை, இலக்கியம், வரலாறு ஆகியவற்றுக்கான மாநிலக் குழு (ஹியூமானிட்டீஸ் கவுன்சில்), உள்ளூர் வழக்கறிஞர் சங்கம் ஆகியவற்றை அணுகலாம். வரிவிலக்குப் பெற்ற தொண்டு அமைப்பின் பெயரில் நடத்தினால், மே மாதம் பல மாநிலங்களில் கட்சிகளின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதற்கட்டத் தேர்தல் காலம் என்பதையும், வேட்பாளர் எவருக்கும் பிரசார மேடையாக நிகழ்ச்சி மாறினால் அமைப்பின் வரிவிலக்கே சிக்கலாகும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

நிகழ்ச்சி நிரல்

மொத்தம் ஒன்றரை மணி நேரம் போதும், இரண்டு மணி நேரத்தைத் தாண்டவே கூடாது. ஐந்து ஊர்களின் பெயரோடு தொடங்கி, தீர்ப்பின் இறுதிப் பகுதியை நான்கைந்து பேர் பிரித்து வாசிக்கலாம். மாணவர், ஆசிரியர், வழக்கறிஞர், பேருந்து ஓட்டுநர் என்று குரல்கள் மாறி வந்தால் கேட்பவர் கவனம் சிதறாது. அடுத்து உங்கள் ஊரின் வரலாறு, ஆவணப் படங்களோடு கால்மணி நேரம். அதன்பின் நிகழ்ச்சியின் நடுப்பகுதியாக, நேரில் கண்ட இருவரோ மூவரோ ஒருங்கிணைப்பாளரோடு உரையாடும் நாற்பது நிமிடங்கள். அரசியல் தலைவர்களை மரியாதையோடு வரவேற்று முன்வரிசையில் அமர்த்துங்கள். பேச அழைத்தால் இரண்டு நிமிடம் என்று கடிதத்திலேயே எழுதிவிடுங்கள். பாராட்டுரைகள் நீண்டு, 80 வயதுப் பெண்மணி பேச எழும்போது பாதி அரங்கு காலியாகிவிடும் கொடுமை எந்த நாட்டு மேடைக்கும் புதிதன்று.

அவையோர் கேள்விகளை அட்டையில் எழுதி வாங்கினால், ஒருங்கிணைப்பாளர் அவற்றை வகைப்படுத்திக் கேட்கலாம், ஒருவரே ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொள்வதும் நடக்காது. ‘இப்போதும் எங்கள் ஊர்ப் பள்ளிகள் பிரிந்துதானே இருக்கின்றன’ என்ற கேள்வி கட்டாயம் வரும். அதைத் தட்டிக்கழிக்காமல், இன்றைய பள்ளி எல்லைகளும் மாணவர் எண்ணிக்கையும் பற்றி மாவட்டமே வெளியிட்டுள்ள விவரங்களோடு பதில் சொல்லக்கூடிய ஒருவரை மேடையில் வைத்திருங்கள்.

செய்யக் கூடாதவற்றுள் தலையாயது, பிரிவினையை நடித்துக் காட்டுவது. குழந்தைகளைச் சட்டை நிறம் பார்த்துப் பிரித்து அமர்த்துதல், ‘வெள்ளையருக்கு மட்டும்’ என்ற பலகையைக் குடிநீர்க் குழாயில் மாட்டுதல் போன்றவை கற்பிப்பதைவிடக் காயப்படுத்துவதே மிகுதி, அதுவும் அறையில் ஓரிரு கறுப்பினக் குழந்தைகளே இருந்தால் முழுக் காயமும் அவர்களுக்கே. கென்னத் கிளார்க், மேமி கிளார்க் ஆகிய உளவியலாளர்கள் குழந்தைகளிடம் பொம்மைகளைக் காட்டி நடத்திய ஆய்வு வழக்கில் சான்றாக வந்தது உண்மை. அதை விளக்குங்கள், மேடையில் உயிருள்ள குழந்தைகளை வைத்து மீண்டும் செய்யாதீர்கள். பழைய ஆவணங்களில் இனத்தைக் குறிக்கும் அன்றைய சொற்கள் வரும். மூலத்தில் உள்ளபடி வாசிப்பதா, மாற்றி வாசிப்பதா என்பதை வாசிப்பவரும் குழுவின் மூத்தவர்களும் முன்பே பேசி வைத்துக்கொள்ள வேண்டும்.

படங்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை. கூட்டாட்சி நீதிமன்றத் தீர்ப்புகளுக்குப் பதிப்புரிமை இல்லை. எத்தனை படி வேண்டுமானாலும் அச்சிடலாம். ஆனால் அன்றைய செய்தி நிறுவனப் புகைப்படங்கள் பலவற்றுக்கு உரிமையாளர்கள் உண்டு. நாடாளுமன்ற நூலகத்தின் பட்டியலில் ஒவ்வொரு படத்துக்கும் கீழே உரிமைக் குறிப்பு இருக்கும், அதைப் பார்த்த பிறகே சுவரொட்டியில் போடுங்கள். உள்ளூர்க் குடும்பம் ஒன்றின் ஆல்பத்திலிருந்து அனுமதியோடு பெற்ற வகுப்புப் படம், நாடறிந்த எந்தப் படத்தைவிடவும் உங்கள் அரங்கில் வேலை செய்யும்.

ஒரு நாளோடு முடியாதவை

நினைவுப் பலகை வைக்க விரும்பினால் ஓராண்டுக்கு முன்பே தொடங்க வேண்டும். மாநில வரலாற்றுத் துறையின் பலகைத் திட்டங்களில் வாசகத்தின் ஒவ்வொரு தகவலுக்கும் ஆவணச் சான்று கேட்பார்கள். மேலே சொன்ன கூட்டக் குறிப்புத் தேடல் இங்கே இரண்டாம் முறை பயன்படும். வாசகத்தில் செயப்பாட்டுவினையின் பின்னால் ஒளிய வேண்டாம்: ‘பள்ளி மூடப்பட்டது’ என்பதைவிட ‘பள்ளி வாரியம் இந்தப் பள்ளியை மூடியது’ என்பது நேர்மையான வாக்கியம்.

பலகையைவிடப் பயனுள்ள வழிகளும் உள்ளன. பள்ளிகள் பூட்டப்பட்ட ஐந்தாண்டுகளுக்காக வர்ஜீனியா சட்டமன்றம் 2003-இல் ஆழ்ந்த வருத்தம் தெரிவித்துத் தீர்மானம் நிறைவேற்றியது. தீர்ப்பின் 50ஆம் ஆண்டான 2004-இல், அப்போது கல்வி இழந்தவர்கள் முதுமையிலாவது படிப்பைத் தொடர மாநிலம் ஓர் உதவித்தொகைத் திட்டத்தைத் தொடங்கியது. அதே ஆண்டுவாக்கில் பியர்சன், பிரிக்ஸ் தம்பதி, டிலெய்ன் ஆகியோருக்கு மறைவுக்குப் பின் நாடாளுமன்றத்தின் தங்கப் பதக்கம் வழங்கப்பட்டது. உங்கள் குழுவால் சட்டம் இயற்ற முடியாது. ஆனால் மூடப்பட்ட பள்ளியின் கோப்பைகளைத் தேடி எடுத்து இன்றைய உயர்நிலைப்பள்ளியின் கண்ணாடி அலமாரியில் வைக்குமாறும், படிப்பை இடையில் விட நேர்ந்தவர்களுக்குக் கௌரவச் சான்றிதழ் வழங்குமாறும் பள்ளி வாரியத்திடம் எழுத்து மூலம் கேட்க முடியும்.

நிகழ்ச்சி முடிந்த இரண்டு வாரத்துக்குள் செய்ய வேண்டியவை மூன்று. பேசியவர்களின் பதிவை, அவர்கள் கேட்ட நீக்கங்களைச் செய்தபின், ஒரு படி அவரவர் குடும்பத்துக்கும் ஒரு படி நூலகத்துக்கும் கொடுத்துவிடுங்கள். திரட்டிய ஆவண நகல்கள், ஒப்புதல் படிவங்கள், நிகழ்ச்சி அட்டை, செலவுக் கணக்கு ஆகியவற்றைப் பட்டியலிட்டு ஒரே பெட்டியில் போட்டு, குழுவினர் எவருடைய வீட்டிலும் வைக்காமல், நூலகத்தின் உள்ளூர் வரலாற்றுப் பிரிவில் ஒப்படைத்து ரசீது பெற்றுக்கொள்ளுங்கள். அரங்கில் அட்டையில் வந்த கேள்விகளுள் பதில் சொல்ல நேரமில்லாதவற்றைப் பள்ளி வாரியத்துக்கு அனுப்பி, அதன் அடுத்த கூட்ட நிரலில் சேர்க்கக் கோருங்கள்.